லைன் வீடு, வாரச் சம்பளம், கைக்குழந்தை: குப்பையைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

திருப்பூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். ஒரே காம்பவுண்டுக்குள் எட்டு வீடு, பொதுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு கழிப்பறை. என் கணவர் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர். சனிக்கிழமை வாரச் சம்பளம். ஆர்டர் இருக்கிற மாதம் 22,000 வரும், இல்லாத மாதம் 15,000 தேறுவதே கஷ்டம். நான் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், மகன் பிறந்தபின் நின்றுவிட்டேன். அவனுக்கு இப்போது 14 மாதம். மகள் ஏழாவது படிக்கிறாள். மாமியார் எங்களோடு இருக்கிறார்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல்லிவிடுகிறேன். என் அம்மா ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். நொய்யலில் வந்த சாயத் தண்ணீரெல்லாம் அந்த அணையில்தான் தேங்கியது. சின்ன வயதில் லீவுக்குப் போனால், கிணற்றில் இறைத்த தண்ணீரை ஆடுகூட மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். தாத்தாவின் தென்னைகள் ஒவ்வொன்றாகக் கொண்டை சாய்ந்தன. அதே சமயம் எங்கள் அப்பா வேலை பார்த்ததும் ஒரு சாயப்பட்டறையில்தான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது மாதக்கணக்கில் வீட்டில் அடுப்பு எரிவதே பாடாக இருந்தது. ஆறும் வேண்டும், சோறும் வேண்டும். இரண்டையும் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் காசு இருக்கிறவர்களுக்குத்தான் இந்த அக்கறையெல்லாம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை.

போன தீபாவளி போனஸில் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பார்த்துப் பார்த்து ஆன்லைனில் வாங்கினேன். மூங்கில் பிரஷ் நான்கு, கண்ணாடி ஜாடி ஆறு, ஸ்டீல் ஸ்ட்ரா, ஏதோ ஒரு இயற்கைப் பாத்திரம் துலக்கும் பொடி. மொத்தம் 1,850 ரூபாய். அந்த வாரமே மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கணவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சரி, இனி வாங்கக் கூடாது, முதலில் என்ன எறிகிறோம் என்று பார்ப்போம் என்று போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தேன். ஒரு வாரக் குப்பையைப் பழைய பேப்பரில் கொட்டி எண்ணினேன். டயப்பர் 27. பால் பாக்கெட் 14. ஷாம்பு பாக்கெட் 19. மளிகைக் கடைக் கவர்கள், சின்னதும் பெரிதுமாக 31. காய்கறித் தோலும் மிச்சமும் கிட்டத்தட்ட அரை வாளி. பிஸ்கட், முறுக்கு உறைகளை எண்ணாமல் விட்டுவிட்டேன், எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது.

டயப்பருக்கு மட்டும் மாதம் 1,200 ரூபாய் போகிறது. துணிக்கு மாறலாம் என்றால் தண்ணீர் யோசனையாக இருக்கிறது. நல்ல தண்ணி ஐந்து நாளைக்கு ஒரு தடவை. சப்பைத் தண்ணி, அதாவது உப்புத் தண்ணி, தினமும் காலையில் ஒரு மணி நேரம் வரும், அதில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது.

காசு போடாமல், அல்லது போட்ட காசு சீக்கிரம் திரும்பி வருகிற மாதிரி, எதிலிருந்து தொடங்கலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


சென்னிமலைத்தறி:

கண்ணு, உங்க அம்மா ஊர் எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான். அந்த அணைத் தண்ணீர் பட்டு வீணாப்போன காடுகளை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு 61 வயதாகிறது, வீட்டில் தறி இருக்கிறது, நான்கு பேரப்பிள்ளைகளைக் கையில் வாங்கி வளர்த்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் குப்பையைக் கொட்டி எண்ணினீர்கள் பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. அந்தக் குவியலில் எதற்கு அதிகக் காசு கொடுத்தீர்களோ அதை மட்டும் முதலில் பிடியுங்கள். உங்கள் வீட்டில் அது டயப்பர். மற்றதையெல்லாம் இரண்டு மாதம் மறந்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் போனால் ஒரு வாரத்தில் கை ஓய்ந்துவிடும்.

துணிக்கு எங்கேயும் போக வேண்டாம். உலகத்துக்கே துணி வெட்டுகிற ஊரில் இருக்கிறீர்கள். கட்டிங் டேபிளில் ரோல் முடிகிற இடத்தில் விழுகிற பெரிய கட்பீஸ் கொஞ்சம் வேண்டும் என்று கணவரை சூப்பர்வைசரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்டு எடுக்க வேண்டும், அது முக்கியம். கொடுக்கவில்லை என்றால் வேஸ்ட் குடோனில் கிலோக்கணக்கில் கிடைக்கும், காதர்பேட்டைப் பக்கம் விசாரித்தாலும் சொல்வார்கள்.

எந்தத் துணி என்று பார்த்து எடுங்கள். இன்டர்லாக் நல்லது, கனமாக இருக்கும், வெட்டின ஓரம் சுருளாது. சிங்கிள் ஜெர்சி வெட்டினதும் ஓரம் பாய் மாதிரி சுருண்டுகொள்ளும், குழந்தை தொடையில் அழுத்தும். உள்ளே வைக்க லூப்நிட், அதாவது ஒரு பக்கம் நூல் வளையம் வளையமாக நிற்கிற துணி, கிடைத்தால் விடாதீர்கள், அது ஈரத்தை அப்படியே குடிக்கும். பாலியஸ்டர் கலந்ததா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணி மாதிரிக் கட்டிக்கொள்ளும். அது வேண்டாம், ஈரத்தை வாங்காது, பிள்ளைக்குப் புண்ணாகும். வெள்ளை, இல்லாவிட்டால் வெளிர் நிறமாகப் பாருங்கள். அடர் நிறமென்றால் இரண்டு தடவை அலசி, சாயம் விடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக வெட்டுங்கள். முக்கோணமாக மடித்து, நடுவில் லூப்நிட் துண்டை மூன்று மடிப்பாக வைத்து, முன்பக்கம் முடிச்சுப் போட்டால் போதும், ஊக்கு வேண்டாம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஆகும். மழைக்காலத்துக்கும் சேர்த்து முப்பது வைத்துக்கொள்ளுங்கள். இராத்திரிக்கு மட்டும் ஒரு டயப்பர் போட்டுவிடுங்கள். பிள்ளையும் தூங்க வேண்டும், நீங்களும் தூங்க வேண்டும். அதில் ஒரு குற்றமும் இல்லை.

துணி நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். டயப்பர் மாதிரி மூன்று மணி நேரம் தாங்கும் என்று விட்டுவிடாதீர்கள். அப்புறம், உங்கள் மாமியாரைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். காலை எழுந்ததும், பால் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்தும், முக்காலியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து அதன்மேல் பிள்ளையை உட்கார வைப்போம். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் கொடுப்போம். பத்து நாள் விடாமல் செய்தால் பிள்ளை பழகிக்கொள்ளும். என் கடைசிப் பேரன் ஒன்றே கால் வயதில், காலை வேளை இரண்டு துணி மிச்சம் பண்ணிக் கொடுத்தான்.

துவைக்கிற விஷயம். சப்பைத் தண்ணீரில் சோப்புக் கட்டி ஏன் நுரைக்காது என்றால், அந்தத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்து திரிதிரியாகத் திரிந்துவிடும். அந்தத் திரி துணியில் ஒட்டித் துணி அட்டை மாதிரி விறைக்கும், அப்புறம் ஈரத்தை வாங்காது. பூந்திக்கொட்டைக்கு அந்தக் கோளாறு குறைவு. ஏழெட்டுக் கொட்டையை விதை நீக்கி, இராத்திரி ஒரு சொம்பு சுடுதண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் பிசைந்து வடிகட்டினால் ஒரு வாளித் துணிக்குக் காணும். பூந்திக்கொட்டை கிடைக்காத வாரம் சாதாரண துணிப்பொடியைக் கொஞ்சமாகப் போடுங்கள், கட்டி சோப்பு மட்டும் வேண்டாம். வாசனைக்கு என்று விற்கிற கண்டிஷனரும் வேண்டாம், அதுவும் துணி உறிஞ்சுவதைக் கெடுக்கும்.

கக்கூசிலேயே மலத்தைத் தட்டிவிட்டு, முதல் அலசலைச் சப்பைத் தண்ணீரில் செய்து அந்தத் தண்ணீரைக் கக்கூசுக்கே ஊற்றிவிடுங்கள். எப்படியும் ஒரு வாளி ஊற்றத்தானே போகிறீர்கள். இரண்டாவது துவையல், மூன்றாவது அலசல், அவ்வளவுதான். நல்ல தண்ணியைத் தொட வேண்டாம். காய வைப்பது நல்ல வெயிலில். வெயில்தான் கிருமிக்கு மருந்து.

மளிகைக் கவருக்கு ஒன்று சொல்கிறேன். ரேஷன் கடைக்குப் போகும்போது பை எடுத்துக்கொண்டுதானே போகிறோம்? அரிசிக்கு ஒரு பை, பருப்புக்கு ஒரு பை, சர்க்கரைக்கு ஒன்று. அந்தப் பைகளைக் கழுவிக் காய வைத்து மளிகைக் கடைக்கும் எடுத்துப் போங்கள். கறி வாங்கத் தூக்குப்போசி. டப்பாவை முதலில் தராசில் வைத்து எடையைக் கழித்துவிட்டுப் போடச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து கேரி பேக்குக்குத் தடை இருக்கிறது, கொடுத்து மாட்டிக்கொள்ள அவர்களுக்கும் பயம்தான். கவர் மிச்சமானால் அவர்களுக்கும் லாபம்.

ஷாம்புவுக்கு அரப்பு. தென்னம்பாளையம் உழவர் சந்தைக்குப் போகும்போது வெளியே விற்கிற அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்கள். டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை, போய்வரச் செலவும் ஆகாது. அரப்பைச் சோறு வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் எண்ணெய் சுத்தமாகப் போகும்.


வயர்மேன் மதுரை:

சகோதரி, டயப்பர் பற்றி அம்மா சொன்னதற்குமேல் எனக்குத் தெரியாது. கரண்ட் பற்றிச் சொல்லலாமா? அதற்குமுன் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக்குத் தனி ஈபி கார்டு இருக்கிறதா, இல்லை ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரா? இது தெரியாமல் யோசனை சொன்னால் தப்பாகிவிடும்.


திருப்பூர்க்காரி:

சப் மீட்டர்தான் அண்ணா. யூனிட்டுக்கு எட்டு ரூபாய். இரண்டு ஃபேன், ஒரு பழைய பட்டை டியூப்லைட், மிக்ஸி, டிவி. ஃப்ரிட்ஜ் கிடையாது. மகன் தூங்குவதால் உள்ரூம் ஃபேன் ஓய்வதே இல்லை, ஒரு நாளைக்கு 14 மணி நேரமாவது ஓடும். ரெகுலேட்டர் பழைய பெரிய பெட்டி மாதிரி இருக்கும்.


வயர்மேன் மதுரை:

நினைத்தேன். தனிக் கார்டு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட் இரண்டு ரூபாய் சொச்சம்தான். அப்படிப்பட்ட வீட்டில் யாராவது 2,800 ரூபாய் கொடுத்து, குறைந்த கரண்டில் ஓடுகிற பிஎல்டிசி ஃபேன் வாங்கினால், போட்ட காசு திரும்ப ஐந்து வருஷத்துக்குமேல் ஆகும். பழைய ஃபேனின் காயில் எரிந்து போகும்வரை பொறுங்கள் என்றுதான் அவர்களுக்குச் சொல்வேன்.

உங்கள் கதை வேறு. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி 30 வாட். மிச்சம் 45 வாட். 14 மணி நேரம், 60 நாள் என்று போட்டால் சுமார் 38 யூனிட். எட்டு ரூபாய் வீதம் 300 ரூபாய். 2,800 ரூபாய் ஃபேன் ஒன்றரை வருஷத்துக்குச் சற்று மேலே போனால் தன் காசைத் தானே கொடுத்துவிடும். காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம். ஆனால் ஓய்வில்லாமல் ஓடுகிற உள்ரூமுக்கு மட்டும் வாங்குங்கள். வெளி ரூம் ஃபேனைத் தொட வேண்டாம்.

காசு சேரும்வரை இரண்டு காரியம். ஒன்று, அந்தப் பெட்டி ரெகுலேட்டர். அது வேகத்தைக் குறைக்கும்போது கரண்ட்டைச் சூடாக்கித் தின்றுவிடும், தொட்டுப் பாருங்கள், கதகதப்பாக இருக்கும். வெளி ரூமுக்கும் அதே மாதிரிதான் என்றால் அந்த ஒன்றை மட்டும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டராக மாற்றுங்கள், 200 ரூபாய்க்குள் முடியும். இரண்டு, பட்டை டியூப். சோக்கோடு சேர்த்து 50 வாட் பக்கம் வரும். 20 வாட் எல்இடி டியூப் அதே வெளிச்சம் தரும். இரண்டு ஃபேனின் இறக்கைகளையும் மாதம் ஒரு தடவை ஈரத்துணியால் துடையுங்கள், தூசி ஏறினால் காற்று குறையும், குறைந்தால் வேகத்தைக் கூட்டுவோம்.

இன்னொன்று மனசில் பட்டதைச் சொல்கிறேன். லைன் வீட்டில் இருக்கிறவனுக்கு அந்த 100 யூனிட் இலவசம் போய்ச் சேர்வதே இல்லை. நான் போகிற பத்து லைன் வீட்டில் எட்டில் இதே கதைதான். கஷ்டப்படுகிறவனே யூனிட்டுக்கு அதிக விலை கொடுக்கிறான். இதை எழுதும்போதே வயிறு எரிகிறது.


நாகர்கோவில் அடுப்படி:

தங்கச்சி, கேஸ் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் வந்தேன்.

எங்கள் ஊரில் சம்பா அரிசி. ஒரு மணி நேரம் வேகும். கேரளப் பக்கம் இதற்குச் சூடாறாப்பெட்டி என்று ஒன்று வைத்திருப்பார்கள். சோற்றை அடுப்பில் கொதிக்க விட்டு, பானையோடு தூக்கி அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். கடையில் வாங்கினால் ஆயிரத்துக்குமேல் ஆகும். நான் செய்தது மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில். அடியில் பழைய பருத்திச் சேலை நான்கு மடிப்பு, சுற்றிலும் கிழிந்த போர்வை, மேலே மூட ஒரு தலையணை. ஐந்து வருடமாக அதுதான் ஓடுகிறது, அட்டைப்பெட்டியை மட்டும் இரண்டு தடவை மாற்றினேன்.

உங்கள் பக்கம் புழுங்கலரிசி என்றால் அரை மணி நேரம் ஊற வையுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அரிசியைப் போட்டு, மறுபடி கொதி வந்தபின் எட்டு நிமிடம் விடுங்கள். மூடியை இறுக்கி, அடுப்பிலிருந்து எடுத்த கையோடு பெட்டிக்குள். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்து வடித்துவிடலாம். நடுவில் திறந்து பார்த்தால் சூடு போய்விடும். பானை முக்கால்வாசியாவது நிறைந்திருக்க வேண்டும், அரைப்படி அரிசியைப் பெரிய பானையில் போட்டால் வேகாது. வெந்ததும் எடுத்துவிடுங்கள், நாள் முழுக்க உள்ளேயே வைத்தால் கெட்டுப்போகும். கறி, மீன், ராஜ்மா இதில் வேண்டாம். அவை நன்றாகக் கொதித்துத்தான் வேக வேண்டும்.

துவரம்பருப்பையும் ஊற வைத்துவிட்டுக் குக்கரில் போடுங்கள். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்தால் போதும், விசில் அடிக்க அடிக்க வெளியே போவது நம் கேஸ்தான். எனக்குச் சிலிண்டர் 33 நாள் வந்துகொண்டிருந்தது, இப்போது 42 நாள் வருகிறது. நாங்களும் ஐந்து பேர்தான்.


சருகு:

அக்கா, நான் திருச்சி. காம்பவுண்டு வீட்டில் உரம் போட்டு எட்டு வீட்டுக்காரர்களிடமும் திட்டு வாங்கியவன், அதனால் சொல்கிறேன். முதல் முயற்சியில் சாம்பார் மிச்சம், மீன் முள் எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டு மூடி வைத்தேன். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுத் தாத்தா வாந்தி எடுத்துவிட்டார். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். உரத்தையே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு புரிந்தது, சமைத்ததைப் போடாமல் பச்சைக் காய்கறித் தோல், பழத்தோல், டீத்தூள் மட்டும் போட்டால் நாற்றம் இல்லை. பெயிண்டு வாளி ஒன்று வாங்குங்கள், கட்டட வேலை நடக்கிற இடத்தில் சும்மாவே கொடுப்பார்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, சூடு வைத்த ஆணியால் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போடுங்கள். ஒரு கை தோல் போட்டால் மேலே ஒரு கை சருகு. ரோட்டோரப் புங்க மரத்துச் சருகு அருமையாக மக்கும். ஆரம்பத்தில் ஒரு டம்ளர் புளித்த மோரைத் தெளித்துவிடுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், சருகைக் கூட்டிக் கிளறிவிடுங்கள். சாம்பல் நிறத்தில் தடித்த புழு வந்தால் பயப்படாதீர்கள், அது ஒன்றும் செய்யாது, வேகமாகத் தின்று தீர்க்கும். இரண்டு மாதத்தில் மழை பெய்த மண் மாதிரி வாசனை வரும்.

பால் பாக்கெட்டை வெட்டும்போது மூலையைத் தனியாக வெட்டி எறியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். அந்தச் சின்னத் துண்டை யாரும் பொறுக்க மாட்டார்கள், சாக்கடைக்குத்தான் போகும். கழுவிக் கொடியில் காய வைத்துச் சேர்த்தால் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள். பெரிய காசு வராது. ஆனால் சாக்கடைக்குப் போகாது.


திருப்பூர்க்காரி:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் போடாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். செய்து பார்க்காமல் நன்றி மட்டும் சொல்ல மனசு வரவில்லை.

கணவர் சூப்பர்வைசரிடம் கேட்டார். "இதுக்குப் போய்க் கேக்கணுமா" என்று ஒரு மூட்டையே கட்டிக் கொடுத்துவிட்டாராம். வெள்ளை இன்டர்லாக் கிடைத்தது, லூப்நிட் மட்டும் சாம்பல் நிறம், இரண்டு தடவை அலசினேன், சாயம் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் மாமியாரும் திண்ணையில் உட்கார்ந்து 34 துணி வெட்டினோம். நூலைக் கொளுத்திப் பார்க்கிற வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். உருகினதைத் தனியாக ஒதுக்கி வைத்தாள், அது இப்போது கால்மிதியாக இருக்கிறது.

முதல் வாரம் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். ஒரு நாளைக்குப் பதினைந்து துணி ஆனது. இடுப்பு விட்டுப்போயிற்று. மாமியார் பாதத்தில் உட்கார வைக்க ஆரம்பித்தபின் குறைந்தது. இப்போது எட்டு, ஒன்பதுதான். அம்மா, நீங்கள் சொன்னதைக் காட்டியதும் மாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உன் புருசனையும் இப்படித்தான் பழக்கினேன்" என்றார். அவரிடம் நான் இதைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நான்கு நாள் விடாமல் மழை பெய்த வாரம் துணி காயவில்லை. ஒரு பாக்கெட் டயப்பர் கூடுதலாக வாங்கினேன். அது போக, இரவுக்கு ஒன்று. போன மாதம் டயப்பர் செலவு 380 ரூபாய்.

சோற்றுப்பெட்டியை மாமியார் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, அரைவேக்காடு தின்று வயிற்றுக்கு ஆகாது என்றார். முதல் நாள் நிஜமாகவே அரைவேக்காடுதான், நடுவில் நான் திறந்து பார்த்துவிட்டேன். மூன்றாம் நாள் சரியாக வந்தது. இப்போது பெட்டியைத் தொட அவர் என்னை விடுவதில்லை. சிலிண்டர் இன்னும் தீரவில்லை, தீர்ந்ததும் நாள் கணக்கு சொல்கிறேன்.

அரப்பு எனக்கும் மாமியாருக்கும் ஒத்துக்கொண்டது. மகள் இரண்டு தடவை தேய்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் தலையில் வாசனை வருகிறது என்று சொல்கிறார்கள் என அழுதாள். அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஷாம்பு பாக்கெட்டில்தான் மில்லிக்கு விலை குறைவு, பெரிய பாட்டில் கட்டுப்படி ஆகவில்லை. வாரத்துக்கு 19 இருந்தது, இப்போது ஆறு.

உர வாளியில் இன்னும் மண் வாசனை வரவில்லை, ஆனால் நாற்றமும் இல்லை தம்பி. சாம்பார் போடவே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாவது வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குக் கைக்குழந்தை. எனக்கு அவள் மொழி தெரியாது, அவளுக்குத் தமிழ் நாலைந்து வார்த்தை. போன வாரம் கொடியில் தொங்கிய துணிகளைக் காட்டி, தன் குழந்தையையும் காட்டி என்னவோ கேட்டாள். மூட்டையில் மிச்சமிருந்ததில் பன்னிரண்டு வெட்டிக் கொடுத்தேன். முடிச்சுப் போடுவதை மட்டும் நான் காட்ட, அவள் அதைவிட நல்ல முடிச்சு ஒன்றை எனக்குக் காட்டினாள். பக்கவாட்டில் போடுவது, குழந்தை குப்புறப் படுத்தாலும் குத்தாது. இப்போது நானும் அப்படித்தான் கட்டுகிறேன்.

டயப்பரில் மிச்சமான காசைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தோம். 1,300 ரூபாய் சேர்ந்திருக்கிறது. இந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தில் மீதியைப் போட்டு உள்ரூமுக்கு அந்த ஃபேன் வாங்கப் போகிறோம். வயர்மேன் அண்ணா, பழைய பெட்டி ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிடலாமா, கழற்ற வேண்டுமா?


வயர்மேன் மதுரை:

கழற்றிவிடுங்கள் சகோதரி. பிஎல்டிசி ஃபேனுக்கு வேகத்தை ரிமோட்டில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும், நடுவில் ரெகுலேட்டர் இருந்தால் உள்ளே இருக்கிற போர்டு கெட்டுப்போகும். சுவிட்சிலிருந்து நேராக ஃபேனுக்கு ஒயர் போக வேண்டும். மெயினை அணைத்துவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்துச் செய்யுங்கள், கால் மணி நேர வேலை. வாரண்டி அட்டையில் கடைக்காரரிடம் சீல் வாங்க மறக்காதீர்கள். வாங்கும்போது பெட்டியில் வாட் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், 35-க்குமேல் இருந்தால் வேறு காட்டச் சொல்லுங்கள். பழைய ஃபேன் ஓனருடையது என்றால் பத்திரமாகக் கட்டி வையுங்கள், காலி செய்யும்போது கேட்பார்.